பசை காயும் வரை

ஊர் இருந்ததோ இல்லையோ, ஒரு வீடு இருந்தது; அந்த வீட்டுக்கு ஒரு பின்னறை இருந்தது; பின்னறையில் இரண்டு இறக்கைகள் இருந்தன, இரண்டுக்கும் நடுவில் ஒருத்தன் இருந்தான். அவன் கையை எடுத்தால் இறக்கை விழும், எடுக்காவிட்டால் அவன் எழுந்திருக்க முடியாது. தாத்தா சொல்லியிருந்தால் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார், ஆரம்பித்துவிட்டு நிறுத்துவார், கேட்கிறவன் ‘ம்’ கொட்ட வேண்டும், கொட்டினால்தான் அடுத்த வரி வரும். ம். அந்த ஒருத்தன் நான்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், ரிமோட்டில் பறக்கிற ஒரு விமானத்தின் இடது இறக்கையும் வலது இறக்கையும் நடுவில் சேருகிற இடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறேன். பால்சா கட்டை, அப்பளம் மாதிரி கனமே இல்லை, அமுக்கினால் நொறுங்கும், அமுக்காவிட்டால் ஒட்டாது. நேராகவும் ஒட்டக்கூடாது. இரண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்க வேண்டும், குழந்தையைத் தூக்கப்போகிறவள் கையை விரிக்கிற மாதிரி, அப்போதுதான் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிரும். அந்தத் தூக்கல் மாறாமல், பசை இறுகுகிற வரைக்கும், அரைமணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை இருந்திருந்தால் ஒரு பக்கத்தை அதில் படுக்கப்போட்டு, மேலே செங்கல்லை ஏற்றி, மறு நுனிக்கு அடியில் ரவை டப்பாவை முட்டுக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போயிருக்கலாம். மேசை முன்னறைக்குப் போய்விட்டது. காலையில் நானும் அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோம், வருகிறவர்களுக்கு டிபன் வைக்க. மேசை இல்லையென்றால் இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும், இடது பக்கத்தை நான், வலது பக்கத்தை அவள், அப்படித்தான் எப்போதும். அவள் இப்போது முன்னறையில் கதவோரமாகப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். கோகிலவாணி, என் அக்கா. அவளைத் திரும்ப அழைத்துப் போகத்தான் அவள் புகுந்த வீட்டார் வந்திருக்கிறார்கள்.

பசையை நான் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே கலந்துவிட்டேன். இரண்டு ட்யூப், ஒன்றில் ரெசின், ஒன்றில் ஹார்டனர், இரண்டும் கலந்தால்தான் இறுகும், பழைய டப்பா மூடியில் இரண்டு கோடாகப் பிதுக்கி, ஒன்றுக்கு ஒன்று சமமாக இருக்கிறதா என்று பார்த்து, தீக்குச்சியால் குழைத்து, தடவி, சேர்த்துப் பிடித்து, அதற்கப்புறம்தான் கார் சத்தம் கேட்டது. கலந்துவிட்ட பசையை நிறுத்திவைக்க முடியாது, அது யாருக்கும் காத்திருக்காது, அதனால்தான் நான் எழுந்து போய் வாங்க என்று சொல்லவில்லை. அப்படித்தான். இல்லை, முதல் கோடு பிதுக்கும்போதே சந்து முனையில் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. எங்கள் சந்தில் அந்நேரத்துக்கு வேறு கார் வராது. கேட்டதும் கை நின்றது, காது அந்தப் பக்கம் போயிற்று, அம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறது தெரிந்தது, பிறகு இரண்டாவது கோட்டையும் பிதுக்கினேன். அப்படியானால் நிறுத்தியிருக்கலாம். ஒரு கோடு வீணாய்ப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இறக்கை மட்டும்தான் பாக்கி, எத்தனை நாளைக்குத்தான் இரண்டு துண்டாகச் சுவரில் சாத்தி வைப்பது. அவள் பொங்கலுக்கு வந்தபோது பரணில் ஏறி இந்தப் பெட்டியை இறக்கினாள், கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாங்கியது, பிரிக்காமலேயே கிடந்தது. நாம கட்டிடலாம் தரணி என்றாள். பொங்கலுக்கு வந்தவள் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் போயிருக்க வேண்டும். போகவில்லை. மோட்டார் வைத்தோம், வால் ஒட்டினோம், மேலே போர்த்துகிற சிவப்பு பிலிமை அவள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கமே இல்லாமல் படியவைத்தாள், கல்யாணப் பட்டு மாதிரி இருக்கு என்று நான் சொன்னதற்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு சும்மா பார்த்தாள். முன்னறையில் அம்மா எல்லோருக்கும் பணியாரம் வைக்கிறாள், தட்டுகள் மேசையில் இடிபடுகின்றன, என் மேசை. விரல் நுனியில் லேசாகச் சூடு தெரிய வேண்டும், பசை பிடிக்க ஆரம்பித்தால் அது கொஞ்சம் கதகதக்கும். தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. என் கைச் சூடாகவும் இருக்கலாம்.

நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னாள். அவள் வீட்டுக்காரர், லோகேஸ்வரன் மாமா, அவளோடு பேசுவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பது இல்லை, தீபாவளிக்கும் முன்னாலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே, அம்மா, எனக்குக் காபி வேணும்னு சொல்லு என்பாராம். அத்தை திரும்பி இவளிடம் அதையே சொல்வாளாம். ஊருக்குப் போகிறேன் என்று இவள் சொன்னால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாராம், கோபமாகக்கூட இல்லை, கேட்கவில்லை என்பதுபோல. குளியலறையில் போய்த் என் பேரை நானே சொல்லிப் பார்த்தேன்டா என்றாள், துண்டை மடித்துக்கொண்டே, சிரித்த மாதிரிதான் சொன்னாள். அதுக்கு என்ன காரணம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, அவளே சொன்னாள், தெரிஞ்சாத் தேவலையே. அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அப்பா கேட்டாராம், அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. அப்புறம் என்ன கண்ணு, பேச்சுத்தானே, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பேசிட்டுப் போறாரு. காயம் இருந்தால் காட்டலாம். பேசாததை எதில் காட்டுவது. அப்புறம்தான் சொன்னாள்:

“நான் சொல்லிச் சொல்லி வாய் தேஞ்சுபோச்சு. நீ சொன்னா அப்பா கேப்பாரு. நாளைக்கு எல்லாரும் இருக்கையில ஒரே வார்த்தை. அக்கா இங்கயே இருக்கட்டும். அவ்வளவுதான் தரணி.”

நான் ‘ம்’ என்றேன். அவள் முகம் அப்படியே இளகிற்று, கொடியில் மிச்சமிருந்த என் சட்டையை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். எனக்கு வருகிற ஒரே எழுத்து அது. சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது அவள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள், ராஜா ஏன் அப்படிச் செஞ்சாரு, ராணிக்கு வாய் இல்லியா, தாத்தாவுக்கு எரிச்சல் வரும், ம் கொட்ட மட்டும் நான். நல்ல பையன், சத்தமில்லாமக் கேக்கறான் பாரு என்பார். பாதிக் கதையில் தூங்கிப்போனால்கூட என் வாய் ம் கொட்டிக்கொண்டிருக்குமாம், தாத்தாவும் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நேற்று நான் தூங்கவில்லை. முழுசாகக் கேட்டேன், முழுசாகத்தான் ம் சொன்னேன். இன்று பேசுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். ராத்திரி முழுக்க அந்த மூன்று வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், இருக்கட்டும் என்பதா, இருக்கட்டும்பா என்பதா, இருக்கட்டுங்க என்று பொதுவாகச் சொல்லிவிடுவதா. மூன்று வார்த்தையும் நன்றாகத்தான் வந்தன, வாய்க்குள். இப்போது முன்னறையில் அத்தை பேசிக்கொண்டிருக்கிறாள், மெதுவான குரல், சண்டைக்காரி இல்லை, வீட்டில் நுழைந்ததுமே என் அம்மாவின் முட்டிவலியைத்தான் முதலில் விசாரித்தாள். எங்க பையன் ஒரு நாள் கை நீட்டியிருப்பானுங்களா சம்பந்தி, நீங்களே சொல்லுங்க என்கிறாள். பேசறதில்லைங்கறது ஒரு குத்தமுங்களா, அவங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு, நான் குடும்பம் பண்ணலீங்களா. அப்பா, அதானுங்க, அதானுங்க என்கிறார். மாமாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. அக்காவின் குரலும். பசைக்கு ஒரு நாற்றம் உண்டு, மீன் கழுவின தண்ணீர் மாதிரி, ஹார்டனர் ட்யூபைத் திறந்தால் அறை முழுக்கத் தூக்கும், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உன் மீன் கடையை மூடுடா என்பாள். இன்று அது இல்லை. ஜலதோஷமா எனக்கு. அம்மா முன்னறையில் வைத்த ஊதுபத்தி வாசனை வருகிறதே. அப்படியானால் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வாசலில் நிழல் தட்டுகிறது. அவள்தான் என்று நினைத்துத் தலையைத் தூக்குகிறேன், இல்லை, லோகேஸ்வரன் மாமா, கையில் காபி டம்ளரோடு. என்ன மச்சான், பெரிய வேலை நடக்குதாட்ட இருக்குது என்று சிரித்துக்கொண்டே என் எதிரில் குந்தி உட்காருகிறார். நல்ல சிரிப்பு. மோட்டார் எவ்வளவு வேகம் சுத்தும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ரிமோட் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார், நானும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன், மாமா, வாங்க மாமா, ஆமாங்க மாமா, எட்டாத தூரம் போயிட்டா மோட்டார் தானா நின்னுரும், அப்படியே சறுக்கிக்கிட்டு எங்காவது விழும். என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, இவரிடம் இவ்வளவு சரளமாக வருகிறதே. இதே வாயால் கேட்டால் என்ன, ஏன் மாமா அக்காகிட்ட பேசறதில்லை என்று. அடிக்கவா போகிறார். சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டு எழுந்து போவார், அப்புறம் என்னோடும் பேசமாட்டார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் அவள் தீபாவளிக்கு முன்னாலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். இவர் குந்தியிருக்கிற இடத்தில்தான் அவள் உட்காருவாள். வாலை ரிமோட்டோடு பொருத்தினபோது, ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வால் இடப்பக்கம் திரும்புகிறது என்று நான் கம்பியை மாற்றி மாற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நீ அதுக்கு எதிர்ல உட்கார்ந்து பாக்கறே, அப்படிப் பார்த்தா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும், பின்னால வந்து உட்கார், அது பாக்கற பக்கம் நீயும் பாரு என்றாள். பின்னால் போய்ப் பார்த்தால் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் சரியாக இருந்ததைக் கழற்றியிருக்கிறேன். மாமா டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, பறக்க விடற அன்னைக்கு வீடியோ எடுத்து அனுப்பு மச்சான் என்று தோளைத் தட்டுகிறார். தட்டினதில் இறக்கை ஒரு நூல் நகர்ந்தது. நகர்ந்திருக்கக்கூடாது. இந்நேரத்துக்கு அது நகரவே முடியாமல் இருக்க வேண்டும். குழைத்த மிச்சம் மூடியில் இருக்கிறது, அதைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், மூடியில் இறுகினால் இங்கேயும் இறுகியிருக்கும், மூடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது, கைதான் இல்லை.

ஏரியில் தண்ணீர் வற்றின வருஷம் நாங்கள் இருவரும் தெர்மோகோல் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டோம், அதை ஓட்டினதெல்லாம் அவள்தான், நான் தூக்கி எறிகிற ஆள். ஒரு தடவை ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். போகிற வரை நன்றாகப் போயிற்று. என்னைப் பார்த்துத் திரும்பி வர ஆரம்பித்ததும் இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே கீழே கீழே வருகிறது, நான் எந்தப் பக்கம் தள்ளினாலும் இன்னும் சாய்கிறது, கடைசியில் ஒன்றுமே செய்யாமல் இரண்டு கையாலும் ரிமோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர ஒண்ணு வந்தா நீ கல்லாயிடறேடா என்றாள் அப்புறம், திட்டவில்லை, விழுந்து உடைந்த விமானத்தின் மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு. அதுக்கு ஒரு வழி இருக்கு, எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, தாழற இறக்கைக்கு அடியில முட்டுக் குடுக்கற மாதிரி, வேற ஒண்ணும் யோசிக்காதே. ம் என்றேன். இப்போது முன்னறையில் பேச்சு நின்றுவிட்டது. நின்றால் ஏதோ முடிவாகிறது என்று அர்த்தம். அத்தை தொண்டையைச் செருமி, பொழுதோட போயிட்டாத் தேவலை, வண்டி ஓட்டற பையனுக்கு வேற சவாரி இருக்குதாம் என்கிறாள். அப்பா ம் என்கிறாரா, பதில் சொல்லவில்லையா, தெரியவில்லை. நாற்காலி நகர்கிறது. அப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

“தரணி. உங்கக்கா போறதைப் பத்தி நீ என்னடா சொல்றே?”

அவராகவே கேட்டுவிட்டார். இப்படிக் கேட்பார் என்று ராத்திரி முழுக்க எழுதின நாடகத்தில்கூட நான் எழுதவில்லை. நானாக எழுந்து போக வேண்டும், நடுவில் புகுந்து சொல்ல வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால் போதும். அக்கா. அது முதல் வார்த்தை. இங்கிருந்து கதவு நிலையில் அவள் விரல்கள் மட்டும் தெரிகின்றன, நான்கு விரல், நகத்தில் சிவப்பு பிலிம் வெட்டினபோது கீறின கோடு. அக்கா இங்கயே. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, அங்கே மட்டும் நன்றாக ஒட்டுகிறது. சொன்னால் மாமா என்னைப் பார்ப்பார், இப்போதுதான் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சொன்னால் அத்தை அம்மாவைப் பார்ப்பாள், அம்மா என்னைப் பார்ப்பாள். சொன்னால் அடுத்ததாக ஏன் என்று கேட்பார்கள், ஏனுக்கு என்னிடம் வார்த்தை இல்லை, காட்டுவதற்குக் காயம் இல்லை. என் வாய் திறந்தது. வந்தது வேறு.

“கையில பசை இருக்குதுப்பா. எந்திரிக்க முடியல.”

யாரோ சிரித்தார்கள். அத்தைதான், தப்பாக ஒன்றும் இல்லை, உங்க பையன் ஏரோப்ளேன்ல வந்துதான் பதில் சொல்லுவானாட்ட இருக்குது சம்பந்தி என்று சொல்ல, அப்பாவும் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பில் எல்லாம் லேசாகிப் போயிற்று, ஆளுக்கு ஆள் எழுந்துகொண்டார்கள், அம்மா குங்குமம் எடுக்கப் போனாள். கதவு நிலையில் விரல்கள் இல்லை. எந்திரிக்கவா கேட்டார். எந்திரிக்கச் சொல்லவே இல்லையே அவர். என்ன சொல்றே என்றுதான் கேட்டார்.

அவள் பெட்டி இந்த அறையில்தான் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில், அதனால் வந்துதான் ஆக வேண்டும். வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து இழுத்தாள், சக்கரம் ஒன்று ஓடாது, தரையில் உரசிக்கொண்டே வந்தது. கொடியில் கிடந்த அவள் துண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிச்சுக்கோ என்று அல்ல, அது இப்போது அவளுக்கு இன்னொரு சுமை. அவள் என்னைத் திட்டிவிட்டால்கூட நன்றாக இருக்கும். திட்டவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் எதிரில் குந்தினாள், புடவை முந்தானையைத் தரையில் படாமல் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூடியில் இருந்த மிச்சப் பசையைச் சுண்டுவிரல் நகத்தால் தொட்டாள். தொட்டு இழுத்தாள். தேன் மாதிரி நூலாக வந்தது, நீளமாக, அறுபடாமல். அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த இரண்டு ட்யூபையும் எடுத்தாள். ஒன்று பாதி நசுங்கியிருந்தது. இன்னொன்று கொழுகொழுவென்று புதுசாக, மூடிக்கு அடியில் தகடு கிழியாமல்.

“இதை நீ திறக்கவே இல்லியேடா” என்றாள். “ரெண்டு கோடும் ஒரே ட்யூப்.”

ஆமாம், கார் சத்தம் கேட்டு நின்ற கை, கையில் இருந்ததையே மறுபடி பிதுக்கியிருக்கிறது. ரெசினோடு ரெசின். அது அரைமணியில் காயாது, நாளைக்கும் காயாது, அடுத்த பொங்கலுக்கும் இப்படியே தேன் மாதிரி இருக்கும். விட்டுவிடலாம் இப்போது. கையை எடுத்துவிட்டு எழுந்து, அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றால் போதும், வார்த்தைகூட வேண்டாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாளோ, ட்யூபை உடனே கீழே வைக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையை நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள், எப்போதும் பார்க்கிற மாதிரி. வலது பக்கம் தாழுது என்றாள். வலது பக்கம் அவள் பிடிக்கிற பக்கம். நான் வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். சரியா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். திறக்காத ட்யூபை என் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அவள் எழுந்தாள். வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றாள், திரும்பாமல், கதையை நிறுத்திவிட்டு தாத்தா நிற்பாரே அந்த மாதிரி. எனக்கு ம் கூட வரவில்லை. பெட்டியின் ஓடாத சக்கரம் முன்னறை முழுக்க உரசிக்கொண்டே போயிற்று.

எங்கள் சந்தில் கார் திரும்ப இடமில்லை, மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயேதான் போக வேண்டும். பின்னால் போகும்போது அந்தக் காரில் ஒரு மெட்டு அடிக்கிறது, பிறந்தநாள் பொம்மை மாதிரி, கீச்சென்று, திரும்பத் திரும்ப. மெதுவாகத்தான் போகிறது, இரண்டு பக்கமும் வண்டிகள் நிறுத்தியிருக்கிறார்கள், பால்காரர் வீட்டு மாடு வேறு. அந்த மெட்டு கேட்கிற வரைக்கும் கார் சந்துக்குள்தான் இருக்கிறது. ஓடினால் பிடித்துவிடலாம். அப்பா இன்னும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாசலில் அம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வருகிறாள், ஜன்னலில் மாமா வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுக்க இந்த அறைக்குள் வருகிறாள், அவள் மூக்கு சிவந்திருக்கிறது. மெட்டு அடிக்கிறது. நான் சொன்னேன். சொல்லிவிட்டேன், வாய்க்குள் இல்லை, வெளியே, எனக்கே கேட்டது.

“அக்கா இங்கயே இருக்கட்டும்.”

அம்மா டம்ளரை எடுத்த கையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகச் சந்துப் பக்கம் பார்த்தாள், அங்கே மெட்டு கொஞ்சம் தூரத்தில், ஆனால் இன்னும். அவள் காதில் விழுந்ததா, விழாமல்தான் கேட்டாளா, தெரியவில்லை, என்னமோ சொன்னியா சாமி என்றாள். ஒரு வீட்டில் ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொல்ல முடியும். இன்னொரு தடவை, அவ்வளவுதானே. என் கை இரண்டும் இறக்கையில் இருந்தன, வலது கொஞ்சம் உயர்ந்து, அவள் சொன்ன அளவுக்கு.

“பசை இன்னும் காயலம்மா” என்றேன்.

“காயும் சாமி. பிடிச்சுக்கிட்டே இரு” என்று சொல்லி அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் நடந்து போனாள்.